வானொலியின் சொற்கேட்ட சிறு விமானம்

1901ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆம் நாள். நியூபவுண்லாந்துத் தீவிலே, சென்ற் ஜோன்ஸ் நகரத்தை அடுத்த சிக்னல் ஹில் என்னும் குன்றின்மேல் கடுங்குளிர்க் காற்று வீசிக்கொண்டிருந்தது. அக்காற்றில் ஏறி நின்ற ஒரு பட்டம் நீண்ட உலோகக் கம்பி ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருந்தது. கம்பியின் கீழ் நுனியில், கேட்புக் கருவியைச் செவியில் வைத்தவாறு, மார்க்கோனி என்னும் இத்தாலிய இளைஞர் அமர்ந்திருந்தார். அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் மறுகரையில், இங்கிலாந்தின் கோண்வால் பகுதியிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று சிற்றொலிகள், ‘எஸ்’ என்னும் எழுத்தைக் குறிக்கும் அம்மூன்று ஒலிகள், தம் செவியில் விழுந்தன என்று அவர் உலகுக்கு அறிவித்தார். வானொலி மாகடலைக் கடந்த கதையின் தொடக்கம் இது. அவ்வேளையில் அதனைத் தாங்கி நின்றது காற்றிலே பறந்த ஒரு பட்டம் என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1919ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் நாள் அதே சென்ற் ஜோன்ஸ் நகரிலிருந்து அல்கொக், பிறவுண் என்னும் பிரித்தானிய வீரர் இருவர் ஒரு விமானத்தில் ஏறிப் புறப்பட்டனர். அவ்விமானத்துக்கு எந்திரங்கள் இரண்டு. அது சுமந்த எரிபொருள் 865 கலன். இரவு முழுவதும் முகிலிலும் குளிரிலும் அல்லற்பட்டுப் பறந்து, மறுநாட் காலை, பதினாறு மணி நேரத்துக்கும் குறைந்த காலத்தில், அவர்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளிப்டன் என்னும் ஊரை அடைந்தனர். பசும் புற்றரை என்று எண்ணி அவர்கள் இறங்கிய இடம் சதுப்பு நிலமாயிருந்தது; விமானத்தின் மூக்குச் சேற்றில் புதைந்தது. அச்சதுப்பின் அருகிலேதான் மார்க்கோனி நிறுவிய பெரிய வானொலி நிலையம் இருந்தது. எங்கும் நில்லாது அத்திலாந்திக்கை விமானத்திற் கடந்த முதல் மனிதர் இவ்விருவரே.

இன்னும் எண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதே கரையிலிருந்து அதே கரைக்கு மற்றொரு விமானம் பறந்தது. அதில் வீரர் எவரும் ஏறவில்லை; ஏறுவதற்கு இடமும் இல்லை. அதன் இறக்கையின் அகலம் ஆறடி. எரிபொருளோடு சேர்த்து அதன் பாரம் பதினொரு இறாத்தலுக்கு மேற்படாது. ஒரு மனிதன் ஒரு கையால் தூக்கிச் செல்லத்தக்க அந்த மரத்துண்டுப் பறவை 1,880 மைல் தூரத்தைத் தனியாகக் கடந்தது. அதனை வரைந்து கட்டியவர் எழுபத்தேழு வயது முதியவர், கண்பார்வை பெரும்பாலும் மங்கியவர், செவியும் மந்தமானவர். இத்தகைய ஒருவர் இத்தகைய ஒன்றை எங்ஙனம் செய்தார் என்பதை அறிய வேண்டுமாயின், மாதிரி விமானங்களின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

மாதிரி விமானம் விளையாட்டுப் பொருளென்றே பலரும் கருதுவர். உண்மையில் மனிதன் ஏறிய விமானத்துக்கு அதுவே மூத்தது. 1871ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள் பாரிஸ் நகரத்தின் துய்லறீஸ் பூந்தோட்டத்திலே அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் பதினெட்டு அங்குல அகலமுள்ள சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டுக் காட்டினார். முறுக்கிய இறப்பர் நாடாவே அதன் எந்திரம். அது பதினொரு விநாடி பறந்தது. இறக்கைக்குப் பின்னே வால்போல ஒரு சிறு தகட்டை அமைத்தால், காற்றில் தள்ளாடும் விமானம் தானே நிலை திரும்பும் என்பதை அப்பதினொரு விநாடிகள் மெய்ப்பித்தன. அவர் அமைத்த மற்றொரு இறப்பர் விளையாட்டுப் பொருளின் வழிவந்த ஒன்றைத் தந்தையார் வாங்கிக் கொடுக்க, அதனை வைத்து விளையாடிய சிறுவர் இருவரே பிற்காலத்தில் உலகறிந்த றைற் சகோதரர் ஆயினர்.

1896ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அமெரிக்காவின் பொற்றோமாக் ஆற்றின்மேல் சாமுவேல் லாங்லி என்னும் அறிஞரின் நீராவி மாதிரி விமானம் அரை மைலுக்கு மேற்பட்ட தூரம் பறந்தது. ஆளில்லாத அந்த எந்திரப் பறவை வட்டமிட்டு ஏறியது. ஆவி தீர்ந்ததும் மெல்ல நீரில் இறங்கியது. கண்டோர் வியந்தனர். ஆயினும், விட்ட கணம் முதல் விழுந்த கணம் வரை அதற்கு எவரும் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. வலப்புறம் திரும்பென்று கட்டளையிட வழியில்லை. போதும், இறங்கென்று அழைக்கவும் வழியில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1898இல், நியூயோர்க் நகரத்தில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியிலே நிக்கொலா தெஸ்லா என்பவர் நீர்த்தொட்டியொன்றில் சிறு படகை மிதக்கவிட்டார். கம்பித் தொடர்பு எதுவுமின்றி, தொலைவில் நின்று அவர் அனுப்பிய மின்னலைகளுக்கு இணங்கி அப்படகு நின்றது, சென்றது, திரும்பியது. அவ்வாண்டு நவெம்பர் மாதத்தில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

லாங்லியின் விமானத்துக்குப் பறக்கத் தெரியும், கேட்கத் தெரியாது. தெஸ்லாவின் படகுக்குக் கேட்கத் தெரியும், பறக்கத் தெரியாது. இவ்விரண்டையும் ஒன்றாக்குவது எளிதென்றே தோன்றும். ஆனால், சிறியதொரு மாதிரி விமானம் வானொலியின் சொற்கேட்டுத் திருத்தமாகப் பறப்பதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் சென்றன. தடையாக நின்றது அறிவின் குறைவன்று, பாரம். நீர், படகையும் தாங்கும்; அதில் ஏற்றிய பற்றறிகளையும் தாங்கும். காற்று அவ்வளவு இரக்கமுடையதன்று. அதன்மேல் வைக்கும் ஒவ்வோர் அவுன்சுக்கும் அது விலை கேட்கும்.

அக்காலத்து வானொலிக் கருவி கண்ணாடி வால்வுகளால் ஆனது. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பற்றறி வேண்டும். அதன் தகட்டுக்கு உயர் அழுத்தம் கொடுக்க வேறொரு பற்றறி வேண்டும். மின்சாரம் எட்டாத ஊர்களில் பழைய வால்வு வானொலிப் பெட்டியை வைத்திருந்த முதியோர்க்கு அப்பற்றறிகளின் பாரம் நன்கு தெரியும். அவற்றை விமானத்தில் ஏற்றினால் விமானம் பெரிதாக வேண்டும். விமானம் பெரிதானால் எந்திரம் பெரிதாக வேண்டும். எந்திரம் பெரிதானால் எரிபொருள் கூட வேண்டும். கூடினால் இன்னும் பாரம். இந்தச் சுழலிலிருந்து மீள்வதே வானொலி விமானம் கட்டுவோரின் முதற்பாடம். அதுவே கடைசிப் பாடமும் ஆகும்.

இச்சுழலை வென்றவர்களுள் முன் வரிசையில் வைத்து எண்ணப்படுவோர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர், வால்ற்றர் குட், வில்லியம் குட் என்போர். இயற்கை அவர்களிடையே வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது போலும். வால்ற்றர் சிறுவயது முதலே மாதிரி விமானம் கட்டுவதில் தேர்ந்தவர். வில்லியம் வானொலி அமைப்பதில் விருப்புற்ற பயில்வாளர். கல்லூரி மாணவராயிருந்த காலத்திலேயே இருவரும் தத்தம் கலையை ஒன்றாய் இணைத்தனர். அவ்விணைப்பிலிருந்து பிறந்தது ‘கஃப்’ என்று அவர்கள் பெயரிட்ட விமானம். அதன் இறக்கை எட்டடி. பாரம் எட்டரை இறாத்தல் அளவு. 1937ஆம் ஆண்டில் அது வானொலிக் கட்டளைக்கு இணங்கிப் பறந்தது.

அத்தகைய விமானம் எதனால் ஆனது என்பதையும் இங்குக் கூறுதல் தகும். கடையில் வாங்கிப் பொருத்துதற்கு அந்நாளில் ஆயத்தப் பொருள் கிடையாது. எல்லாம் வரைபடத்திலிருந்தே தொடங்க வேண்டும். உடல் பெரும்பாலும் பல்சா மரத்தால் அமையும். பல்சா தென் அமெரிக்க நாடான ஈக்குவடோரில் மிகுதியாய் வளர்வது; பஞ்சு போன்ற மென்மையும் நாரின் உறுதியும் உடையது. ஸ்பானிய மொழியில் ‘பல்சா’ என்னும் சொல்லுக்குத் தெப்பம் என்பதே பொருள். அம்மரத்தை மெல்லிய சட்டங்களாக அரிந்து, விலா எலும்புகள் போல வரிசையாக நிறுத்தி, பசையால் ஒட்டி, மேலே பட்டுத்துணியோ மெல்லிய தாளோ போர்த்தி, அதன்மேல் இறுக்கும் மெழுகுநெய் பூசுவர். பூச்சு உலர்ந்ததும் துணி மத்தளத் தோல்போல விறைத்து நிற்கும். பின்னர் விமானம் முழுவதன் பாரமும் இறக்கையின் முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னே ஒரு புள்ளியில் வந்து நிற்கும்படி பற்றறி முதலியவற்றை முன்னும் பின்னுமாக நகர்த்தி வைப்பர். அப்புள்ளி சிறிது பின்னே சென்றாலும் விமானம் தலைதூக்கித் தடுமாறி விழும்.

வானொலி சொன்ன சொல்லும் இன்று நாம் எண்ணுவது போல விரிவானதன்று. அது ஒரே சொல்: ‘உண்டு’ அல்லது ‘இல்லை’. கீழே நிற்பவர் விசையை அழுத்தினால், மேலே பறக்கும் கருவியில் ஒரு சிறு மின்காந்தம் ஒரு கொக்கியை விடுவிக்கும். முறுக்கி வைத்த இறப்பர் நாடா சுக்கானை ஒரு புறம் திருப்பும். விசையை விட்டால் சுக்கான் நடுவுக்கு வரும். மீண்டும் அழுத்தினால் மறுபுறம் திரும்பும். முன்பு திரும்பியது வலமா இடமா என்பதை இயக்குவோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் விமானம் மரத்தில். எந்திரத்தின் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் வழியில்லை. எரிபொருள் தீர்ந்ததும் அது நிற்கும். அதன்பின் விமானம் மிதந்து இறங்க வேண்டும். ஆகவே, கட்டளை ஏதும் வாராத பொழுதிலும் தானே நேராகப் பறக்கும் இயல்பை விமானத்தின் வடிவத்திலேயே வைத்துக் கட்டுதல் இன்றியமையாததாயிற்று. பெனோவின் பதினொரு விநாடிப் பாடம் இங்கே பயன் தந்தது.

1937ஆம் ஆண்டு டெற்றோயிற் நகரத்தில் நடந்த தேசிய மாதிரி விமானப் போட்டியில், வானொலி விமானங்களுக்கென முதன்முறையாக ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. வந்தவர் சிலரே. வென்றவர் செஸ்ரர் லான்சோ என்பவர். வந்தவற்றுள் அவருடைய விமானமே பாரம் குறைந்தது, அமைப்பிலும் எளியது. பல கருவிகளைச் சுமந்து வந்தவை பின்னடைந்தன. குட் சகோதரர் அப்போட்டியில் முதலிடம் பெறவில்லை. ஆயினும் மனந்தளராது தம் விமானத்தைத் திருத்தித் திருத்திப் பறக்கவிட்டுப் பின் வந்த தேசியப் போட்டிகளில் வெற்றி கண்டனர். போரின் பின், 1947ஆம் ஆண்டிலும் அதே விமானம் வென்றது. 1960இல் ‘கஃப்’ அமெரிக்கத் தலைநகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காட்சிக்கூடத்துக்கு அளிக்கப்பட்டது.

இடையில் வந்த போர் இக்கலையை இருவகையாக மாற்றியது. ஹொலிவூட் நகரத்திலே மாதிரி விமானக் கடையும் நடத்திய றெஜினல்ட் டெனி என்னும் திரைப்பட நடிகர், வானொலியால் இயங்கும் விமானங்களைப் படையினர் சுட்டுப் பழகும் இலக்காக விற்கலாம் எனக் கண்டார். உலகப் போர்க் காலத்தில் அவருடைய நிறுவனத்தின் சிறு விமானங்கள் ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டன. சுடப்பட்டு விழுவதற்கென்றே அவை பறந்தன. இன்று உலகெங்கும் பேசப்படும் ஆளில்லா விமானங்களின் முன்னோருள் அவையும் அடங்கும். மாணவர் விளையாட்டாகத் தொடங்கியது, மனிதர் அழிவுக்கும் கருவியாயிற்று என்பதை வரலாறு மறைத்தல் ஆகாது.

மற்றொரு மாற்றம் வால்வுகளைப் பற்றியது. பகைவரின் விமானத்தை அண்மித்ததும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டொன்றை அமெரிக்கர் போர்க்காலத்தில் உருவாக்கினர். அக்குண்டினுள் ஒரு வானொலிக் கருவி இருந்தது. ஆகவே விரலளவே ஆன, பீரங்கி வெடிக்கும் அதிர்ச்சியையும் தாங்கும் வால்வுகள் தேவைப்பட்டன. மேரிலாந்து மாநிலத்திலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்தில் இவ்வேலை நடந்தது. அதில் ஈடுபட்டவர்களுள் வால்ற்றர் குட்டும் ஒருவர். போர் முடிந்ததும் அத்தகைய சிறு வால்வுகள் மாதிரி விமானம் கட்டுவோர் கைக்கும் வந்தன. 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட திரான்சிஸ்ரர் வால்வையே தேவையற்றதாக்கியது. 1960களில், கீழே நிற்பவர் கைப்பிடியை எவ்வளவு அசைக்கிறாரோ அவ்வளவே மேலே சுக்கானும் அசையும் முறை பரவியது. ஒரே சொல் அறிந்திருந்த பணியாள் முழு மொழியையும் கற்றுக்கொண்டான் எனலாம்.

வால்ற்றர் குட் பணியாற்றிய அதே ஆய்வுகூடத்தில் உலோகவியல் ஆய்வாளராய் இருந்தவர் மேனாட் ஹில். 1926இல் பிறந்த அவர், மாதிரி விமானம் எவ்வளவு உயரம் ஏறும், எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு தூரம் செல்லும் என்னும் மூன்று கேள்விகளையே வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருந்தவர். 1970ஆம் ஆண்டு அவர் பறக்கவிட்ட விமானம் ஏறத்தாழ 27,000 அடி உயரம் ஏறியது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்துக்கு அது இரண்டாயிரம் அடியளவே குறைவு. இருபதுக்கும் மேற்பட்ட உலகச் சாதனைகள் அவர் பெயரில் பதிவாயின. இளைப்பாறிய பின் அவர் மனத்தைப் பற்றி நின்றது ஒரே எண்ணம்: மாதிரி விமானம் அத்திலாந்திக்கைக் கடத்தல் வேண்டும்.

அந்நாளைய சர்வதேச விதிப்படி மாதிரி விமானமென்று பதிவாவதற்கு, எரிபொருளும் உட்பட, பாரம் ஐந்து கிலோகிராமுக்கு, அதாவது பதினொரு இறாத்தலுக்கு, மேற்படலாகாது. எந்திரத்தின் உருளைக் கொள்ளளவும் பத்துக் கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. ஆகவே கணக்கு தெளிவானது. செல்லவேண்டிய தூரம் 1,880 மைல். காற்று பின்னின்று உதவினாலும் ஏறத்தாழ நாற்பது மணி நேரம் எந்திரம் இடைவிடாது ஓட வேண்டும். பாரத்தில் ஏறத்தாழப் பாதியை எரிபொருளுக்கே விட்டுக்கொடுத்தால், மணிக்கு இரண்டு அவுன்ஸ் அளவே செலவிடலாம். எனவே விமானத்தின் உடலில் ஓர் அவுன்ஸ் கூடினால் எரிபொருளில் ஓர் அவுன்ஸ் குறையும். அது அரைமணி நேரப் பறப்பு. அது கரைக்கு இருபது மைலுக்கு மேல் இப்பால் கடலில் விழுவது. ஒட்டும் பசையின் ஒரு துளியும், மரத்தில் சீவாது விட்ட ஒரு சிராயும் இக்கணக்கில் இடம்பெற்றன.

மாதிரி எந்திரங்கள் வழக்கமாக எரிப்பது மெதயில் மதுசாரம். அது குளிர்ச்சியாக எரியும், வேகமும் தரும். ஆனால் ஓர் இறாத்தல் மதுசாரம் தரும் ஆற்றல், ஓர் இறாத்தல் பெற்றோல் தருவதில் பாதியளவுகூட இல்லை. ஆகவே ஹில் ஜப்பானில் செய்யப்பட்ட நாலடி எந்திரமொன்றை எடுத்து, அதனை மின்பொறியால் எரியும்படி மாற்றியமைத்தார். கூடார விளக்குகளுக்கு ஊற்றும் தூய பெற்றோலை எண்ணெயோடு கலந்து அதற்கு ஊட்டினார். காற்றும் எரிபொருளும் கலக்கும் வாயை மிக நுண்ணிதாகத் திருத்தி, எந்திரம் சிக்கனமாக ஓடும்வரை மணிக்கணக்கில் சோதித்தார். பொதுவாக மாதிரி எந்திரம் பதினைந்து நிமிடம் ஓடினால் போதும். அவர் கேட்டது இரண்டு இரவும் ஒன்றரைப் பகலும்.

நடுக்கடலில் விமானத்தைக் கண்ணாற் கண்டு நடத்த எவராலும் இயலாது. ஆதலால் செய்மதிகளிலிருந்து தன் இடத்தை அறிந்து, குறித்த திசையில் தானே சுக்கானைத் திருப்பிக்கொள்ளும் சிறு கருவி உள்ளே வைக்கப்பட்டது. விமானம் எங்கே இருக்கிறது என்பதை வேறொரு செய்மதி வழியாகத் தரைக்கு அறிவிக்கும் அனுப்பியும் இருந்தது. இவற்றை அமைத்தோர் ஹில்லின் தோழர்கள். சட்டத்தின் கணிப்பில் பார்வையற்றவர் என்னும் அளவுக்கு அவர் கண்கள் மங்கியிருந்தன. தாம் கட்டிய விமானத்தைத் தாமே வானில் நோக்கி நடத்த முடியாத நிலை. கூட்டு முயற்சியின்றி இது கைகூடாது என்பதை அவர் உணர்ந்தே இருந்தார். சோதனைப் பறப்புகளுக்கு இடந்தந்த மேரிலாந்துப் பண்ணையொன்றின் பெயரையே நன்றிக் கடனாக விமானத்துக்குச் சூட்டினார். ‘பட்ஸ் பண்ணையின் ஆன்மா’ என்பது அதன் பொருள்.

2002ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நியூபவுண்லாந்துக் கரையிலிருந்து அனுப்பிய விமானங்களுள் ஒன்றேனும் அக்கரை சேரவில்லை. மாதக்கணக்கில் கட்டியவை கடலில் மறைந்தன. கடலில் விழுந்ததை எடுத்துப் பார்த்துப் பிழை காணவும் இயலாது. கிடைத்த சில செய்திகளைக் கொண்டே ஏன் விழுந்தது என ஊகிக்க வேண்டும். எழுபத்தாறு வயதில் இத்தகைய இழப்பைக் கண்டு, வீட்டுக்குத் திரும்பி, மீண்டும் முதற் சட்டத்தை அரியத் தொடங்குதல் யாவர்க்கும் இயல்வதன்று. ஹில் தொடங்கினார். மறு ஆண்டு மீண்டும் அதே கரைக்கு வந்தார்.

2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் மாலை. வட அமெரிக்காவின் கிழக்கு முனையாகிய ஸ்பியர் முனையிலிருந்து, ஐந்தாம் இலக்கமுடைய விமானம் கையால் வீசிக் காற்றில் விடப்பட்டது. ஹில்லின் தோழர் ஜோ பொஸ்ரர் அதனை வானொலியால் நடத்தி உயர ஏற்றினார். பின்னர் தன்னியக்கக் கருவியிடம் ஒப்படைத்தார். எரிபொருள் நிறைந்த அச்சிறு விமானம் கடலுக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் அடி உயரத்தில் கிழக்கு நோக்கிச் சென்று இருளில் மறைந்தது.

இரவு கழிந்தது, பகல் வந்தது, விமானம் தன் இடத்தை அறிவித்துக்கொண்டிருந்தது. பின்னர் ஒரு வேளையில் அறிவிப்பு நின்றது. மணிகள் கழிந்தன; செய்தி இல்லை. முந்தியவை போன வழியே இதுவும் போயிற்று என்று காத்திருந்தோர் கருதினர். ஆனால் செய்தி நின்றதேயன்றி எந்திரம் நிற்கவில்லை. நெடுநேரங் கழித்து அறிவிப்பு மீண்டும் வந்தது. விமானம் வழி தவறாது அயர்லாந்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

ஓகஸ்ட் 11ஆம் நாள் பிற்பகல் இரண்டு மணியளவில், கிளிப்டனுக்கு அருகிலுள்ள மனின் கடற்கரையில் கூடியிருந்தோர் மேற்கு வானில் ஒரு புள்ளியைக் கண்டனர். அமெரிக்க மாதிரி விமானக் கழகத்தின் அப்போதைய தலைவர் டேவ் பிறவுண் அதனை வானொலியால் தம் வசமாக்கிக்கொண்டார். அல்கொக்குடன் வந்தவர் பெயரும் பிறவுண். எண்பத்து நான்கு ஆண்டுகளின் பின் அதே ஊரில் விமானத்தை இறக்கியவர் பெயரும் பிறவுண். முன்னவர்கள் சேற்றில் தலைகுப்புற இறங்கினர். இச்சிறு விமானம் செம்மையாக நிலத்தில் அமர்ந்தது. பறந்த நேரம் 38 மணி 52 நிமிடம். எரிகலத்தில் எஞ்சியிருந்தது இரண்டு அவுன்சிலும் குறைவு. இன்னும் ஒரு மணி நேரம் எதிர்க்காற்று வீசியிருப்பின் கதை வேறாகும்.

ஹில் அவ்வேளை கடலின் மேற்குக் கரையிலே இருந்தார். தாம் கட்டிய விமானம் கரை சேர்ந்ததை அவர் கண்ணாற் காணவில்லை. தொலைபேசி வழியாகவே செய்தி அவருக்கு எட்டியது. 1901இல் பட்டத்தின் கீழிருந்த மார்க்கோனியும் மறுகரையைக் கண்டவரல்லர்; மூன்று சிற்றொலியைக் கொண்டே அக்கரையை அறிந்தார். வானொலியோடு பழகுவோர்க்கு இது புதிதன்று. காணாத ஒருவருக்குச் சொல்லுகிறோம், அது சென்று சேர்ந்தது என்னும் நம்பிக்கையே அதன் அடிநிலை.

மேனாட் ஹில் 2011ஆம் ஆண்டு காலமானார். வல்லரசுகளின் பணமோ பெருந்தொழிற்சாலைகளின் துணையோ கொண்டு அவர் கடலைக் கடக்கவில்லை. இலேசான மரம், சிறிய எந்திரம், ஒரு கலனுக்கும் குறைந்த பெற்றோல், சில நல்ல தோழர், ஓர் அவுன்சையும் வீணாக்காத கணக்கு, இவையே அவர் முதல். பாரத்தைக் கூட்டிப் பெரிதாவது ஒரு வழி. வேண்டாததை நீக்கி வலிமை பெறுவது மற்றொரு வழி. பெனோவின் பூந்தோட்டத்திலிருந்து மனின் கடற்கரை வரை மாதிரி விமானங்கள் பறந்து வந்தது இரண்டாவது வழியிலேதான்.

பள்ளிச் சிறுவன் ஒருவன் ஈர்க்கும் தாளும் கொண்டு பட்டம் கட்டும்போது, ஓர் ஈர்க்கைச் சீவிச் சீவி விரல்மேல் வைத்து நிறுத்திப் பார்ப்பதுண்டு. இருபுறமும் ஒத்து நிற்கும்வரை அவன் விடமாட்டான். அவனைப் பெரியோர் அழைத்து, வீண்வேலை விடு என்று கண்டிப்பதும் உண்டு. கண்டிக்குமுன் சற்றுப் பொறுத்திருந்து பார்ப்பது நன்று. அவ்விரல் நுனியில் நடப்பது மேனாட் ஹில் எழுபத்தேழாம் வயதிலும் விடாது செய்துவந்த அதே கணக்காகும்.